மூன்றாம் இருக்கை

பயிற்சி நிலையத்தில் அவளை எல்லோரும் வயர் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே எது நின்றுபோனாலும் கழுத்தில் ஒரு கேபிளை மாலை மாதிரி போட்டுக்கொண்டு வந்து நிற்பாள் என்று யாரோ வைத்த பெயர். அதுவே ஒட்டிக்கொண்டது.

பேருந்து ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு அங்கே பயிற்சியும் தேர்வும் நடக்கும். தேர்வின் முதல் பாதி அசல் பேருந்தில் இல்லை. ஒரு நீளக் கூடத்தில் ஆறு ஓட்டுநர் இருக்கைகளை வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். ஸ்டீயரிங், கியர், பிரேக் எல்லாம் நிஜம். கண்ணாடிக்குப் பதிலாக முன்னால் அகலத் திரை. அதில் சாலை ஓடும், மழை பெய்யும், ஆட்கள் குறுக்கே வருவார்கள். ஆள் சாலையில் இறங்கியதிலிருந்து ஒரு நொடிக்குள் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். தாண்டினால் தோல்வி. ஒவ்வோர் இருக்கைக்கும் அடியில் ஒரு கணினி. அந்த ஆறு கணினிகளும் வயரின் பொறுப்பு.

அவளுடைய அண்ணி அந்தத் தேர்வில் இரண்டாவது முறையும் தோற்ற அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணி பதினொரு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பின்னால் இருபது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போது முன்னால் ஓடிவரும் நாய்க்கு நிறுத்தத் தெரிந்தவளுக்கு, ‘எதிர்வினை போதாது’ என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்று புள்ளி இரண்டு நொடி. இரண்டு முறை தோற்றால் அடுத்த இரண்டு வருடத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. அதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

அண்ணன் தன் பங்குக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். வேன் ஓட்டுவதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், பெரிய வண்டிக்கு வேறு மாதிரிக் கண்ணும் காலும் வேண்டும் என்றான். அண்ணி தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

“நான் பாத்த உடனே மிதிச்சேன். பாத்த உடனே.”

“மெஷின் பொய் சொல்லுமா?” என்றான் அண்ணன்.

முதல் முறை தோற்றபோது இதே வார்த்தையை வயரும் சொல்லியிருந்தாள். மெஷினுக்கு யார்மேலும் பகை கிடையாது அண்ணி, உங்களுக்குப் பதட்டம், தேர்வுக்கு முன்னால் நாலு தடவை மூச்சை இழுத்து விடுங்கள் என்று பாடம் எடுத்திருந்தாள். இந்த முறை அண்ணி நாலு தடவை அல்ல, பத்துத் தடவை மூச்சை இழுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

“அந்தக் குடைக்காரி இருக்காளே, அவ பிளாட்பாரத்துலேருந்து இறங்கவே இல்ல” என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல். “பயிற்சியில எல்லாம் இறங்கித்தான் வருவா. ஒரு கால் வைப்பா, அப்புறம் அடுத்த கால். இன்னைக்கு அவ நேரா நடு ரோட்டுல நிக்கிறா. எங்கேருந்து வந்தான்னே தெரியல.”

அண்ணன் சிரித்தான். வயருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடைக்காரி எப்படி நடப்பாள் என்று அவளுக்கு மனப்பாடம். அது கணினிக்குள் ஏற்கெனவே பதிந்து வைத்த நடை. நடைபாதையிலிருந்து இறங்காமல் நடு ரோட்டுக்கு வர அவளால் முடியாது. இறங்கியதை அண்ணி பார்க்கவில்லை என்றால், திரை அதைக் காட்டவில்லை.

எந்த இருக்கை என்று கேட்டாள். அண்ணி மூன்று என்றாள். போன முறையும் மூன்றுதான்.

வயரின் கையில் இருந்த தம்ளர் அப்படியே நின்றது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. நிலையத்தின் நுழைவுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை உண்டு. பளபளப்பான பேருந்துகள் மலைப்பாதையில் ஏறுவதும் ஓட்டுநர்கள் சிரிப்பதுமாக நாள் முழுக்க அதில் படம் ஓடும். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர்கள் வரவிருந்த நேரத்தில் அதன் கணினியில் இருந்த, திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு எரிந்துபோனது. ஆறு இருக்கையில் ஏதாவது ஒன்றிலிருந்து கார்டைக் கழற்றிப் போடு என்றார் மேலாளர். எந்த இருக்கை என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவதை வயர்தான் தேர்ந்தெடுத்தாள். அதன் மூடியில் ஒரு திருகு ஏற்கெனவே தொலைந்திருந்தது, திறப்பது சுலபம். அவ்வளவுதான் காரணம்.

கார்டைக் கழற்றினால் திரை இருண்டுவிடாது. பிராசஸருக்குள்ளேயே படம் வரைய ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் கார்டுக்குத் தனக்கென்று வேகமான மெமரி உண்டு. இந்தச் சின்னப் பகுதிக்கு அப்படி எதுவும் சொந்தமாகக் கிடையாது. கணினியின் பொது மெமரியிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ள வேண்டும், மற்ற எல்லா வேலைகளும் போய்வருகிற அதே வழியில்தான் அதுவும் போய்வர வேண்டும். வயருக்கு இது தெரியும். அன்றைக்கே மூன்றாம் இருக்கையில் தானே உட்கார்ந்து மழைக் காட்சிவரை ஓட்டிப் பார்த்தாள். படம் கொஞ்சம் மங்கல், ஆனால் தடங்கல் இல்லை. பயிற்சிக்குப் போதும் என்று நினைத்தாள். தேர்வுக்கு அந்த இருக்கையை ஒதுக்க மாட்டார்கள் என்றும் நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

புது கார்டு கேட்டு மனு எழுதினாள். இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். இரண்டாவது முறை மேலாளர் அவளை மூன்றாம் இருக்கையின் கணினிக்கு முன்னால் கூட்டிப்போய், அமைப்புப் பக்கத்தைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினார். முன்பு கார்டு இருந்தபோது கிராபிக்ஸ் மெமரி ஆறு ஜிபி என்று இருந்தது. இப்போது எட்டு என்று காட்டுகிறது.

“கூடத்தானே ஆகியிருக்கு?” என்றார். “அப்புறம் எதுக்குப் புது கார்டு?”

அது கையிருப்பு இல்லை, வேண்டுமானால் பொது மெமரியில் எட்டுவரை எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கும் ஓர் எல்லை, அங்கே இடம் இருந்தால்தான் கிடைக்கும் என்று அவள் விளக்கினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. தலைக்குமேல் வேலை கிடந்தது.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கூடத்தைத் திறந்து மூன்றாம் இருக்கையை இயக்கினாள். பயிற்சி முறையில் எந்தத் தடங்கலும் இல்லை. குடைக்காரி ஒழுங்காக இறங்கி வந்தாள். பிறகு தேர்வு முறைக்கு மாற்றினாள். தேர்வென்றால் ஓட்டுகிறவரின் முகம், கை, கால் மூன்றையும் மூன்று கேமராக்கள் பதிவு செய்யும். மதிப்பெண் போடும் நிரலும் கூடவே ஓடும். எல்லாம் அதே கணினியில், அதே மெமரியில். வெயில் காட்சிவரை தாங்கியது. மழை பிடித்து, கடை விளக்குகள் ஈர ரோட்டில் மின்னத் தொடங்கியதும் படத்துக்கு இடம் போதவில்லை. திரை அரை நொடிக்கும் கொஞ்சம் குறைவாக நின்று, பிறகு குதித்தது. குடைக்காரி நடு ரோட்டில் நின்றாள்.

தேர்வு அதிகாரியின் மேசை மூன்றாம் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நிரல் ஓர் ஆளை ரோட்டில் இறக்கும் கணத்தில் அந்த மேசைத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். நொடிக்கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். இரண்டு திரைகளும் ஒரே சட்டகத்தில் விழும்படி கைபேசியை நிறுத்தி, மெதுவாக ஓடும் வீடியோவாக எடுத்துப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி எரிகிறது. ரோடு காலியாக இருக்கிறது. வைப்பர் பாதியில் நிற்கிறது. புள்ளி எரிந்து பத்தில் நாலு நொடி கழித்துத்தான் குடைக்காரி வருகிறாள். ஓட்டுநரின் கண்ணுக்கு வராத ஆளுக்கு அவர் பிரேக் போட்டிருக்க வேண்டும் என்று நிரல் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று புள்ளி இரண்டில் புள்ளி நாலைக் கழித்தால் புள்ளி எட்டு. அண்ணி பார்த்த உடனே மிதித்திருக்கிறாள்.

வயர் பதிவேட்டைத் திறந்தாள். எட்டு மாதத்தில் மூன்றாம் இருக்கையில் நடந்த தேர்வுகள் ஐம்பத்திரண்டு. பிரேக் நேரத்தில் தோல்விகள் முப்பத்தெட்டு. மற்ற ஐந்து இருக்கைகளிலும் சேர்த்து முந்நூறுக்கு மேற்பட்ட தேர்வுகள், தோல்விகள் இருபத்தொன்பது. அதைவிட மோசமானது வேறொன்று. ஒருமுறை தோற்று மறுபடி வருகிறவர்களை அதிகாரி கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் அவர்கள் எல்லோரையும் மேசைக்குப் பக்கத்தில், மூன்றிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

மேலாளரின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் போனாள். அவர் வீடியோவை ஒருமுறை பார்த்தார். மறுபடி அந்த எட்டைப் பற்றித் தொடங்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரல் குழைந்தது.

“உங்க அண்ணிக்குப் புதன்கிழமை ஒண்ணாவது சீட்ல ஒரு தேர்வு வச்சிடலாம். பழையதைத் தொழில்நுட்பக் காரணம்னு எடுத்துடறேன். மத்தவங்களை இப்ப தோண்ட வேண்டாம். அதுல பாதிப் பேரு வேற வேலைக்குப் போயிருப்பாங்க. அப்புறம் கழட்டினது யாருன்னு கேப்பாங்க, பாத்துக்க.”

“வேண்டாம் சார்” என்றாள் வயர். “எங்க அண்ணிக்கு மட்டும்னா வேண்டாம்.”

வெளியே வந்தபோது மனது நிமிர்ந்திருந்தது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டோம் என்று சாயங்காலம்வரை அந்த நிமிர்வோடு இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றிருந்த அண்ணியிடம் கார்டில் தொடங்கி மறுத்துவிட்டு வந்ததுவரை எல்லாவற்றையும் கொட்டினாள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்னு சொன்னியா? யாரைக் கேட்டுச் சொன்ன?”

“அண்ணி, மத்தவங்களை விட்டுட்டு...”

“கார்டைக் கழட்டும்போதும் யாரையும் கேக்கல. எனக்கு வந்த தேர்வை வேண்டாம்னு சொல்லும்போதும் யாரையும் கேக்கல. உங்க மேனேஜருக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்?”

இத்தனை வருடத்தில் அண்ணி அவளை ‘டி’ போட்டுப் பேசியதே இல்லை. வயருக்கும் சுருக்கென்றது. உங்களுக்காகத்தான் காலையிலிருந்து பட்டினியாக அலைந்தேன், வேலையே போனாலும் போகட்டும் என்று நின்றேன் என்று அவளும் குரலை உயர்த்தினாள்.

“எனக்காகன்னு சொல்லாத. உன் மனசு குத்துது, அதுக்காக நின்ன. நான் மூணு மாசமா கண்ணாடி முன்னாடி உக்காந்து என் கால் எப்பலேருந்து மெதுவாச்சுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். வேன் ஓட்டவே பயமா இருக்கு எனக்கு. பிள்ளைங்க ஏறும்போது கை நடுங்குது. அதை யாரு கழட்டி எடுத்தது?”

அண்ணன் கதவருகில் வந்து நின்று, விடு, அதான் உண்மை தெரிந்துவிட்டதே என்று சமாதானம் சொல்லப் பார்த்தான்.

“நீங்க பேசாதீங்க” என்றாள் அண்ணி, திரும்பாமலே. “உங்களுக்குத் தனியா இருக்கு.”

அவன் வந்த வழியே போய்விட்டான்.

வயர் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். பரிதாபத்தில் வந்த அழுகை இல்லை அது. அண்ணி சொன்னதில் மறுக்க ஒரு வார்த்தைகூட இல்லையே என்ற ஆத்திரம். அண்ணி தேற்றவில்லை. அவள் பாட்டுக்கு அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

காலையில் அண்ணியும் கிளம்பி நின்றாள். இருவரும் ஒரே பேருந்தில், முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போனார்கள். நிலையத்தில் அன்று யாரோ விருந்தினர்கள். நுழைவுக் கூடத்தில் சுவர்த் திரையைப் பார்த்தபடி ஒரு கூட்டம் நின்றது. அண்ணி அவர்களைத் தாண்டி நேராக மேலாளரின் அறைக்குப் போனாள். உள்ளே தேர்வு அதிகாரியும் இருந்தார். இருபது வருடம் பேருந்து ஓட்டிவிட்டு அந்த மேசைக்கு வந்தவர். கோபம் எப்போதும் மூக்குநுனியில் இருக்கும். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாக யாரும் சொன்னதில்லை.

அண்ணி உட்காரவில்லை.

“தேர்வு தர்றேன்னீங்களாம். நான் எழுதறேன். ஆனா ஒண்ணாவது சீட்ல இல்ல, மூணாவதுல. எடுத்த கார்டைத் திரும்ப அதுலேயே போடச் சொல்லுங்க. எனக்குக் காலு சரியில்லன்னு எழுதினது அந்த சீட்டு. சரியா இருக்குன்னும் அதுவே எழுதட்டும்.”

தேர்வு அதிகாரி நாற்காலியில் திரும்பினார். “என்ன கார்டு?”

அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் வயருக்கு உறைத்தது. மேலாளர் ஏதோ பூசி மெழுகத் தொடங்குவதற்குள், மூன்றாம் இருக்கையின் கார்டு நுழைவுக் கூடத்துத் திரைக்குப் போனதைச் சொல்லி, கைபேசியை அதிகாரியின் முன்னால் வைத்தாள். அவர் மூன்று முறை பார்த்தார். சிவப்புப் புள்ளி. காலி ரோடு. பிறகு குடைக்காரி. மூன்றாவது முறை முடிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“எத்தனை தோல்வி?”

முப்பத்தெட்டு என்றாள் வயர்.

“முப்பத்தெட்டு தடவையும் நான்தான் நேர்ல சொன்னேன்” என்றார் அவர். “உங்களுக்கு இந்த வேலை சரிவராதுன்னு. என் வாயால.” பிறகு வயரைப் பார்த்தார். இந்தப் பழியில் உனக்கும் பங்கு உண்டு என்றது அந்தப் பார்வை. “போய்க் கழட்டு.”

“வெளியே விருந்தாளிங்க நிக்கிறாங்க” என்றார் மேலாளர்.

“நிக்கட்டும். பாத்துட்டுப் போகட்டும்.”

வயர் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனாள். மலைப்பாதையில் பேருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே கணினியை அணைத்தாள். சுவர் கறுத்தது. கூட்டத்தில் ஒருவர், கரண்ட் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, இது வேறு இடத்துக்கு வேண்டிய பொருள் என்று சொல்லிவிட்டு மண்டியிட்டு மூடியைத் திறந்தாள். கார்டு இன்னும் சூடாக இருந்தது. துப்பட்டாவின் நுனியால் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, கூடத்தின் நடுவே நடந்தாள்.

மூன்றாம் இருக்கையில் கார்டைப் பொருத்தி, தேர்வு முறையில், மூன்று கேமராக்களும் ஓட, ஒருமுறை வீடியோ எடுத்து அதிகாரிக்குக் காட்டினாள். சிவப்புப் புள்ளியும் குடைக்காரியின் முதல் காலும் ஒன்றாக வந்தன. அதன் பிறகே அண்ணி ஏறி உட்கார்ந்தாள். மூச்சையெல்லாம் இழுத்துவிடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் அவள் கோபம் முழுவதும் இருந்தது. ஆனால் வண்டி பதறாமல் போனது. மழை பிடித்தது. கடை விளக்குகள் மின்னின. குடைக்காரி ஒரு காலை ரோட்டில் வைத்தாள். அடுத்த கால் இறங்குவதற்குள் பிரேக் விழுந்தது. புள்ளி ஏழு.

அண்ணி சிரிக்கவில்லை. பழைய தாள் இரண்டையும் புதுத் தாளையும் ஒன்றாக வைத்து, ஒரே குண்டூசி குத்தித் தரும்படி கேட்டாள். அதிகாரி தன் கையாலேயே குண்டூசி குத்திக் கொடுத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். மன்னித்ததாகவும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அன்று இரவு அந்தத் தாள்களை அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள் என்று வயருக்குப் பிறகு தெரிந்தது.

தேர்வு அதிகாரி தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். முப்பத்தெட்டுத் தோல்விகளும் ரத்தாயின, எல்லோருக்கும் மறுதேர்வு வைக்க உத்தரவு வந்தது. மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைவிடப் பெரிய கட்டிடம் உள்ள ஒரு நிலையத்துக்கு மாற்றலாகிப் போனார். போவதற்கு முன், எழுத்துமூல உத்தரவு இல்லாமல் ஏன் கார்டைக் கழற்றினாய் என்று வயரிடம் விளக்கம் கேட்டு ஓலை விட்டார். ‘நீங்கள் சொன்னீர்கள், நான் கழற்றினேன். இரண்டும் தவறு’ என்று அவள் பதில் எழுதினாள். அதற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

தோற்றவர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த முப்பத்தெட்டில் இருமுறை தோற்றவர்களும் இருந்ததால், அண்ணியைக் கழித்துவிட்டால் ஆட்கள் இருபத்தேழு பேர். மதிய இடைவேளையில் தேர்வு அதிகாரியின் மேசைத் தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சிலர் சந்தோஷப்பட்டார்கள். ஒரு பெண், இனிமேல் எதற்கு, கைக்குழந்தை இருக்கிறது என்றாள். இரண்டு எண்கள் இப்போது வேறு யாருக்கோ சொந்தம். ஒருவர் அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டார். அவள் அவர் பெயருக்கு எதிரே, நாளை மறுபடி கூப்பிட வேண்டும் என்று குறித்தாள்.

பட்டியலில் பத்தொன்பதாவது ஆள், கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைக்குத் திரும்பிப் போயிருந்தவர். அவள் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஏழு மாசமா என் வீட்ல என்னைக் குருடன்னு கூப்பிடறாங்க” என்றார். “விளையாட்டுக்குத்தான். என் மாமனார் ஆரம்பிச்சது. இப்ப என் பொண்ணு வரைக்கும் வந்துடுச்சு. நீங்க இதை என்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறேன், அவங்ககிட்ட சொல்லுங்க.”

அவள் சொன்னாள். கார்டு, மெமரி, மழை, நடு ரோட்டில் நின்ற குடைக்காரி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றது. ஒரு முதிய குரல், அப்படியென்றால் தப்பு யாருடையது என்று கேட்டது.

“கழட்டச் சொன்னது எங்க மேனேஜர். கழட்டினது நான்” என்றாள் வயர். “உங்க மாப்பிள்ளை கண்ணுல ஒரு குறையும் இல்ல. அவர் பாத்த உடனே மிதிச்சிருக்கார்.”

ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அவர் மறுபடி காதில் வைத்துக்கொண்டார் என்று குரல் கிட்டத்தில் வந்தபோது தெரிந்தது. அதில் கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

“தேதியைச் சொல்லுங்க” என்றார்.

அவள் காலண்டரைத் திருப்பினாள்.